சந்தனப் பொட்டும் பிரேக் ரப்பரும்

நவராத்திரியின் ஒன்பதாம் நாளான ஆயுத பூஜையன்று மலாக்காவின் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் உழைப்புக்கு உதவுகிற பொருள்கள் எல்லாம் சாமி முன்னால் வந்துவிடும். பால் வெட்டும் கத்தி, செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள், தையல் மெஷின், லாரி, மோட்டார் சைக்கிள் என்று அந்த வரிசை நீளும். அதில் சைக்கிளுக்கும் இடம் உண்டு. ஹேண்டில்பாரில் சந்தனமும் குங்குமமும், கேரியரில் பூச்சரம், சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் என்று ஒரு நாள் அது தெய்வமாக நிற்கும். அந்த நாளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதே சைக்கிள் கடையில் விலை பேசப்பட்ட நாளைப் பற்றிச் சமயம் பேசுகிறவர்கள் பேசுவதில்லை. கையில் கொஞ்சப் பணமே உள்ள ஒருவர் வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள் வாங்குகிறார். இது வெறும் கடைவீதிக் காரியமா, அல்லது அறத்துக்கும் சமயத்துக்கும் உட்பட்ட காரியமா? இரண்டாவதுதான் சரி என்பது என் முடிவு. ஒரு கருவியைப் பூஜிக்கிறோம் என்றால் அதைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும் அந்தப் பூஜையைச் சேர்ந்தவையே. தேர்வில் நிதானமும் பேணுவதில் அக்கறையும் இல்லாமல் வைக்கிற பொட்டு பாதிப் பூஜைதான்.

ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு யோசிப்பதே பற்று அல்லவா, பற்றை விடச் சொல்வதுதானே சமயம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்ச் சைவம் இதற்குத் தந்திருக்கும் பதில் வேறு திசையில் போகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களை அடியொட்டி வளர்ந்த சித்தாந்தம், உலகைப் பொய்த்தோற்றம் என்று தள்ளுவதில்லை. உடம்பு, அறிகருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள்கள் ஆகிய நான்கையும் தனு, கரணம், புவனம், போகம் என்று வரிசைப்படுத்தி, ஆணவ இருளில் கிடக்கும் உயிர் தெளிவு பெறுவதற்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தந்தவை இவை என்கிறது. விடியும் வரைக்கும் விளக்கு வேண்டும் என்பது சித்தாந்திகள் இதற்குச் சொல்லும் உவமை. இந்தப் பார்வையில் பொருள் பகையும் அல்ல, முடிவும் அல்ல. ஒரு வேலைக்காகக் கைக்கு வந்த உதவி. எது பற்று, எது பொறுப்பு என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்தப் பொருள் எந்த வேலைக்கு வந்தது, அந்த வேலையைச் செய்கிறதா? அடுத்த வீட்டுப் பையனுடையதைவிடப் பளபளப்பாக இருக்கிறதா என்று யோசித்தால் அது பற்று. காலை ஆறு மணிக்கு மழையிலும் என்னை வேலையிடத்தில் சேர்க்குமா என்று யோசித்தால் அது பொறுப்பு. பிந்தையதில் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் அது துறவுக்கு எதிரானது ஆகாது.

இந்தப் பொறுப்பு மலாக்காத் தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது; காரணம் ரப்பர். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த டயரைத் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் சைக்கிள் உலகமெங்கும் பரவியது. ரப்பருக்குப் பெரும் பசி பிறந்தது. அந்தப் பசிக்கு இரையானது ஆப்பிரிக்காவின் காங்கோ. பெல்ஜிய அரசர் லியோபோல்டின் சொந்த உடைமையாக இருந்த அந்த நாட்டில், காட்டு ரப்பரைக் கணக்குத் தவறாமல் கொண்டுவராத கிராமத்து மக்களின் கைகள் வெட்டப்பட்டன. அதே காலத்தில், 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற சீன வணிகர் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். அதன் பிறகு காடுகள் அழிந்து பால்மர நிரைகள் எழுந்தன. கப்பலில் நம்மவர்கள் வந்து லயங்களில் குடியேறினார்கள். 1930களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வரையறுக்கப்பட்டிருந்த கூலிகூட விலைவீழ்ச்சி வந்தபோது வெட்டப்பட்டது. டயருக்கான பாலை வெட்டியவர்கள் காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கும் வெளிக்காட்டுக்கும் நடந்துதான் போனார்கள். சைக்கிள் தோட்டக் கணக்கரான கிராணியின் வீட்டு வாசலில் நின்றது. ஒரு தொழிலாளி வீட்டுக்குச் சைக்கிள் வருவதற்கு நெடுங்கால உழைப்பு வேண்டியிருந்தது. இப்படி வந்து சேர்ந்த பொருளை ஆராயாமல் வாங்கி, ஆறே மாதத்தில் துருப்பிடிக்கவிட்டு, வீட்டுக்குப் பின்னால் எறிவது யாருடைய உழைப்பை எறிவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். செய்தவரின் உழைப்பை மதிப்பதும் வழிபாடுதான் என்றால், வீணாக்காதிருப்பது அதன் முதல் படி.

அப்படியானால் எதை வாங்குவது? இந்த இடத்தில் சமயப் பேச்சு வழக்கமாக நின்றுவிடும், நிற்கக் கூடாது. மலாக்காவில் மழை இல்லாத மாதம் கிடையாது. சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில்தான் பெரும்பாலும் இடியோடு கொட்டும். ஆகவே பிரேக்கை முதலில் பார்க்க வேண்டும். பளபளவென்று குரோம் பூசிய எஃகு ரிம் கண்ணுக்கு அழகு; நனைந்துவிட்டால் பிரேக் ரப்பர் அதில் வழுக்கும், வண்டி நிற்கும் தூரம் பல மடங்காகும். அலுமினிய ரிம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். சக்கரத்தின் நடுவே மூடிய கூட்டுக்குள் இருக்கும் டிரம் பிரேக் அதைவிட மழை தாங்கும். அடுத்து மட்கார்டும் செயின் மூடியும். இவை இல்லாத வண்டியில் செம்மண் சேறு செயினில் ஏறி அதை அரைத்துத் தின்றுவிடும். பேரங்காடிகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பதினெட்டு கியர் மலையேறும் பாணி வண்டிகளின் முன்னும் பின்னும் உள்ள ஸ்பிரிங்குகள் எடையைக் கூட்டும், மிதிக்கும் பலத்தை விழுங்கும், தேய்ந்தால் மாற்ற உதிரி கிடைக்காது. வேலைக்குப் போகிறவருக்கு ஒரே கியரோ மூன்று கியரோ உள்ள, எஃகுச் சட்டம் கொண்ட சாதாரண வண்டி போதும். டயர் அளவு பக்கத்துக் கடையில் கிடைக்கிற அளவாக இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் மற்றச் சிறப்புகள் எல்லாம் ஒரு பஞ்சரோடு முடிந்துபோகும்.

புதிய வண்டிக்குப் பணம் போதாதவர்கள் பழையதைத் தேடலாம். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. ஜப்பானில் ஓடிய பழைய சைக்கிள்கள் மலேசியாவில் பரவலாக விற்கப்படுகின்றன. கூடை, ஸ்டாண்டு, பூட்டு, விளக்கு, செயின் மூடி எல்லாம் அவற்றில் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஆனால் பழைய வண்டியின் உண்மை வயது பெயின்ட்டில் தெரியாது, செயினில் தெரியும். செயினின் ஒரு முள்ளின் நடுவிலிருந்து தொடங்கி இருபத்து நான்கு கண்ணிகள் எண்ணி, ஓர் எஃகு அளவுகோலைப் பிடித்து அளந்தால் புதிய செயின் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு, அதாவது வீசம் அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு, அதாவது அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்த விலை இனி மலிவு அல்ல. சட்டத்தின் மூட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா, மிதிகட்டை பக்கவாட்டில் ஆடுகிறதா, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கோணுகிறதா என்பவற்றைப் பார்க்கக் காசு செலவில்லை. இதையெல்லாம் பார்ப்பது விற்பவரை அவமதிப்பது ஆகாது. அதோடு ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: ரசீது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத மிக மலிவான வண்டி, வேறொரு தொழிலாளி காலையில் தேடித் தவிக்கும் வண்டியாக இருக்கலாம். அந்த ஹேண்டில்பாரில் வைக்கும் சந்தனம் எந்தத் தெய்வத்தைச் சேரும்?

வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த அறக்கேள்வி. திருக்குறளில் வரவின் அளவையும் செலவின் அளவையும் பற்றிய பேச்சு வறியவனுக்குச் சொல்லும் அறிவுரையாக வரவில்லை. அரசன் தன் பலத்தை எடைபோடுவதைச் சொல்லும் ‘வலியறிதல்’ என்ற 48ஆம் அதிகாரத்தில் அது வருகிறது. தன் அளவை அறிவது பலம், அறியாதது தோல்வி. 2025இல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1700 வெள்ளி ஆனது. மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் ஒரு மணி நேர உழைப்புக்கு எட்டு வெள்ளிக்குச் சற்று மேல். 500 வெள்ளிக்கு ஒரு சைக்கிள் என்று கொண்டால், அது ஏறக்குறைய 61 மணி நேர உழைப்பு. எட்டு நாள் வேலைக்குள் முடிகிறது. இந்த அளவுப் பணத்துக்காக ஆலோங் என்னும் கள்ள வட்டிக்காரரிடம் போய் நிற்பது, எட்டு நாள் உழைப்பை எத்தனையோ மாத அச்சத்துக்கு மாற்றுவது. பழைய பழக்கத்தில் கூட்டு எனப்படும் சீட்டுப் போட்டுச் சேர்க்கலாம் என்றால், 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதை நடத்துவதைத் தடை செய்திருக்கிறது. ஏமாந்தால் முறையிட வழியில்லை. மூன்று நான்கு மாதம் சேமிப்புக் கணக்கில் போட்டு வாங்குவதுதான் நேரான வழி. இதைச் சொன்னால் நம்மவர்களுக்குச் சேமிப்புப் பழக்கம் இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இதே தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தப் பொறுமை நமக்கு அந்நியமானது அல்ல.

இனி எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். கிடைத்தது போதும் என்று ஏழைக்குப் போதிப்பது, அவனை ஏழையாகவே வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு வசதியான போதனை. தோட்டத் துரைகளின் காலத்தில் விதி என்ற பேச்சு கூலி உயர்வு கேட்ட வாயை அடைக்கப் பயன்பட்டது. இன்று தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ, செங் போன்ற இடங்களின் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றன. அவர்களிடம் போய்ச் சைக்கிள் போதும் என்று சொல்வது பின்னோக்கி இழுப்பது ஆகாதா? இதில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஜாசினிலிருந்து மலாக்கா நகரம் இருபது கிலோமீட்டருக்கும் மேல். இரவு ஷிப்டு முடித்து லாரிகள் ஓடும் சாலையில் அவ்வளவு தூரம் மிதிக்கச் சொல்வது கொடுமை. அவருக்கு மோட்டார் சைக்கிளோ கம்பெனி பஸ்ஸோ வேண்டும். நல்ல பொதுப் பேருந்து வேண்டும் என்று கேட்கும் உரிமையும் வேண்டும். நான் பேசுவது வேலையிடம் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருந்தும், சைக்கிள் கௌரவக் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கடனில் மோட்டார் சைக்கிள் எடுப்பவரைப் பற்றி. அந்தத் தூரம் மிதித்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1970களில் ஒரு கணக்குப் போட்டார். சராசரி அமெரிக்கர் காரில் உட்காரும் நேரத்தோடு, அந்தக் காருக்காகச் சம்பாதிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,600 மணி நேரம். அதில் அவர் கடக்கும் தூரம் 7,500 மைல். மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. 6000 வெள்ளி மோட்டார் சைக்கிள் என்று கொண்டால், வட்டியும் எண்ணெயும் சேர்க்காமலே மூன்றரை மாதச் சம்பளம். ஐந்து கிலோமீட்டரில் மிச்சமாகும் பத்து நிமிடத்துக்கு இது ஈடாகுமா என்று கேட்பது ஏழ்மையைப் போற்றுவது ஆகாது; உழைப்பின் மணிகளை மதிப்பது.

போதும் என்ற மனமும் அடங்கிப்போவதும் வெவ்வேறு. கூலி கேட்கும் இடத்தில் போதும் என்று சொல்வது அடங்கிப்போவது. அங்கே சமயம் தொழிலாளியின் பக்கம் நிற்க வேண்டும். கிடைத்த கூலியைக் கடைக்காரரின் விளம்பரத்துக்கும் வட்டிக்காரரின் புத்தகத்துக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பது போதும் என்ற மனம். முதலாவது வரவைக் குறைக்கும், இரண்டாவது சுதந்திரத்தைக் கூட்டும். கடன் இல்லாத தொழிலாளிதான் நியாயமற்ற மேலாளரிடம் தலை நிமிர்ந்து பேச முடியும். மாதத் தவணை கழுத்தில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன் பத்து முறை யோசிப்பார். ஆகையால் செலவில் வரையறை வைப்பது உரிமைப் போராட்டத்துக்கு எதிரானது அல்ல. அதற்கு வேண்டிய முதல்.

பகுத்தறிவாளர்கள் வேறு பக்கத்திலிருந்து கேட்பார்கள். பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குரலும் நம்மிடையே ஒலித்துவருகிறது. நல்ல பிரேக்கும் நல்ல செயினும் வேண்டும் என்பதற்கு அறிவு போதுமே, நடுவில் சாமி எதற்கு? ஒருவர் அறிவு வழியிலேயே இந்த முடிவுக்கு வந்தால் எனக்கு அவரோடு சண்டை இல்லை. ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டிய சலிப்பான வேலைகளுக்கு அறிவு மட்டும் போதுவதில்லை என்பதைத்தான் நம் வீட்டு வாசல்கள் காட்டுகின்றன. செயினுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று தெரியாதவர் யாரும் இல்லை, விடுகிறவர்கள் சிலர்தான். செய்யத் தெரிந்ததைச் செய்ய வைப்பது பழக்கம். பழக்கத்துக்கு நாளும் முறையும் மரியாதையும் தருவது வழிபாடு. அந்த வேலையை அது செய்யாவிட்டால் பகுத்தறிவாளரின் குற்றச்சாட்டு செல்லும் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். முனீஸ்வரர் கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, தேய்ந்த பிரேக் ரப்பரோடு சாலையில் இறங்குகிறவர், தான் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் காவலை மட்டும் தெய்வத்திடம் ஒப்படைக்கிறார். சித்தாந்தத்தின்படி கையும் கண்ணும் அறிவும்கூட அருளால் கிடைத்தவை. அவற்றைப் பயன்படுத்தாமல் வேறு அருள் கேட்பது கொடுத்ததைத் திருப்பி அனுப்புவது போன்றது.

இதிலிருந்து கோயில்களுக்கும் ஒரு கடமை பிறக்கிறது. பல தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து, பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையும் வீட்டுமனையும் வந்தபின்னும் மக்கள் திரும்பி வரும் இடமாக இருப்பவை மாரியம்மன் கோயில்களும் முனீஸ்வரர் கோயில்களும்தான். நகரத்தில் 1781இலிருந்து நிற்கும் பொய்யாத விநாயகர் கோயில் போன்ற பெரிய தலங்களும் இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையைச் சைக்கிள் பழுது பார்க்கும் நாளாக இந்தக் கோயில்கள் அறிவிக்கலாம். பக்கத்து ஊர்ப் பழுதுக் கடைக்காரரைச் சரியான கூலி கொடுத்து அழைக்கலாம்; அவர் சீனரானாலும் மலாய்க்காரரானாலும் அவருடைய ஸ்பானருக்கும் அன்று மரியாதை உண்டு. பிள்ளைகளுக்குப் பஞ்சர் ஒட்டவும் செயின் அளக்கவும் பிரேக் கம்பி இறுக்கவும் கற்றுக்கொடுக்கலாம். புதிதாக வாங்க நினைப்பவர்கள் எதைப் பார்த்து வாங்குவது என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். அன்னதானத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு போதும். அப்படிப் பழுது பார்த்து நிறுத்திய வண்டிக்கு மறுவாரம் வைக்கும் பொட்டுதான் முழுப் பூஜை. வண்டியில் ஏறுகிறவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்ற வேண்டுதலுக்குத் தங்களால் ஆன பங்கை அவரும் ஊரும் ஏற்கெனவே செலுத்தியிருப்பார்கள்.